பத்தடி நீளக் காசோலை

நான் குடியிருக்கும் அமெரிக்கச் சிற்றூரின் ஆஸ்பத்திரி அறக்கட்டளையிலிருந்து ஒரு கடிதம் வந்தது. கெட்டித் தாள், தங்க விளிம்பு, நீல மையில் கையெழுத்து. கையால் போட்டதா என்று நகத்தால் சுரண்டிப் பார்த்தேன். அச்சுதான். இந்தச் சமூகத்தின்மேல் நான் காட்டிவரும் ஆழ்ந்த அக்கறையை நெடுநாளாகக் கவனித்து வருகிறார்களாம். அறக்கட்டளையின் ஆட்சிக்குழுவில் தன்னார்வ உறுப்பினராக நான் சேர வேண்டுமாம்.

அந்த அக்கறையை எப்போது காட்டினேன் என்று யோசித்தேன். பதினெட்டு வருடத்தில் அந்த ஆஸ்பத்திரிக்கு நான் செய்தவை இரண்டே. என் மகள் அங்கே பிறந்தாள். அதற்கு வந்த பில்லைத் தவணை தவறாமல் கட்டினேன். பிறகுதான் புரிந்தது, அக்கறை என்று அவர்கள் சொன்னது இந்த இரண்டாவதை.

இந்த நாட்டில் ‘நன்றியுள்ள நோயாளி’ என்று ஒரு திட்டம் உண்டு. பெயரைக் கேட்டால் ஏதோ நாய்க்குட்டிக் கதை போலிருக்கும். பல ஆஸ்பத்திரிகளில், நோயாளி வந்து படுத்த அன்றே அவர் பெயர் ஒரு மென்பொருளுக்குள் போகிறது. வீட்டின் மதிப்பு எவ்வளவு, எந்தக் கட்சிக்கு எவ்வளவு கொடுத்தார், இதற்குமுன் எந்தத் தர்மத்துக்குக் காசோலை எழுதினார் என்று துழாவி மதிப்பெண் போட்டுவிடுகிறது. ரத்தப் பரிசோதனையின் முடிவுக்கு முன்னால் சொத்துப் பரிசோதனையின் முடிவு வந்துவிடும். மதிப்பெண் நன்றாக இருந்தால் மறுநாள் ஒரு புன்னகை அறைக்குள் எட்டிப் பார்க்கும்: “கம்பளி போதுமா? எல்லோரும் நன்றாகக் கவனிக்கிறார்களா?”

நோயாளியின் அந்தரங்கத்தைக் காக்கும் ஹிப்பா சட்டத்தின் விதிகளை 2013இல் திருத்தினார்கள். எந்தப் பிரிவில் சிகிச்சை, எந்த டாக்டர், சிகிச்சை என்ன ஆயிற்று ஆகிய விவரங்களையும் நிதி திரட்டப் பயன்படுத்தலாம் என்று அதில் வழி வைத்தார்கள். என்ன ஆயிற்று என்பது எதற்கு என்கிறீர்களா? போய்ச் சேர்ந்தவரின் மனைவிக்கு ‘நலம் பெற்றதற்கு வாழ்த்துகள், நன்கொடை தாரீர்’ என்று கடிதம் போய்விடக் கூடாதல்லவா? அந்த நாசூக்குக்காக. எனக்கு இதெல்லாம் வேண்டாம் என்று சொல்லும் உரிமை நோயாளிக்கு உண்டு. அந்த உரிமையைச் சொல்லும் தாள், பிரசவ வலியில் மனைவி துடிக்கும்போது நீங்கள் படிக்காமலே கையெழுத்துப் போட்ட காகிதக் கட்டுக்குள் இருக்கிறது.

ஆக, மென்பொருள் எனக்கும் பாஸ் மார்க் போட்டிருக்கிறது. கூடவே, ஆண்டறிக்கையின் அட்டைப்படத்துக்கு மாநிறத்தில் ஒரு முகம் தேவைப்பட்டிருக்கிறது. எல்லாம் தெரிந்தும் சேர்ந்தேன். பொய் சொல்ல மாட்டேன், ஆசைதான். பேராவூரணிப் பக்கத்துக் கிராமத்தில் அம்மா நான்கு வீட்டுக்காவது போன் போட்டிருப்பார்: “என் மவன் அமெரிக்கா ஆஸ்பத்திரிக்கு டிரஸ்டி ஆயிட்டான்.” அந்த நான்கு போனுக்காகத் தமிழன் எதையும் செய்வான்.

சேர்ந்த பிறகு நிபந்தனை தெரிந்தது. ‘கொடு, இல்லையேல் கொண்டுவா.’ இந்த நாட்டில் பல அறக்கட்டளைகளின் நடைமுறை இது. உறுப்பினர் ஒவ்வொருவரும் ஆண்டுக்கு இவ்வளவு என்று தன் பணத்தைப் போட வேண்டும், அல்லது தெரிந்தவர்களிடம் வசூலித்துத் தர வேண்டும். சம்பளமில்லா வேலை செய்பவனைத் தன்னார்வலன் என்று நினைத்திருந்தேன். இங்கே வேலைக்கு நாம் சம்பளம் கட்ட வேண்டும். தொண்டனிடம் எதிர்பார்ப்பது மூன்று என்று வகுப்பெடுத்தார்கள்: நேரம், திறமை, செல்வம். முதலிரண்டும் இல்லாதவர் மூன்றாவதை மட்டும் கொடுத்தால் போதும், தலைவராகலாம். மூன்றாவது இல்லாதவர் முதலிரண்டையும் அள்ளிக் கொடுத்தால் தரைத்தளப் பரிசுக்கடையில் நின்று பலூன் விற்கலாம்.

அப்படி ஒரு கிழவி நிற்கிறார். எண்பது வயதுக்கு மேல் இருக்கும். வாரம் மூன்று நாள் வருகிறார். கடையில் கூட்டம் இல்லாத நேரம் சக்கர நாற்காலி தள்ளுகிறார், வழி தெரியாமல் திகைப்பவர்களை எக்ஸ்ரே அறைவரை கூட்டிப்போகிறார். கேட்டதற்கு, கணவர் கடைசி மாதங்களில் நான்காம் மாடியில் இருந்தார் என்று மட்டும் சொன்னார். ஆட்சிக்குழுவின் கூட்ட அறை எந்த மாடியில் என்று அவரிடம் கேட்டுத்தான் முதல் நாள் போனேன். அந்த அறைக்குள் அவர் போனதில்லை. தன்னார்வம் என்ற சொல்லுக்கு அந்தக் கட்டடத்தில் உரிமையுள்ள ஆள் அவர். அதை மாலையாகக் கட்டிப் போட்டுக்கொண்டவர்கள் மேலே இருந்தார்கள்.

மேலே யார் யார்? கார் விற்பவர், வங்கிக் கிளையின் தலைவர், வீட்டு மனைத் தரகர், வக்கீல் இருவர், ஈமச்சடங்கு நிலையத்தின் உரிமையாளர். கடைசியாகச் சொன்னவரை யாரும் கேலி செய்வதில்லை. ஆஸ்பத்திரியின் தொடர் சேவையில் அவருக்கும் பங்கு உண்டு. ஒருவர்கூடக் கெட்டவர் இல்லை. இதைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் என் ஆத்திரமே அதில்தான். கெட்டவர்களாக இருந்தால் இவ்வளவு கெடுதியை இவ்வளவு நிம்மதியாகச் செய்ய முடியாது. நாய் வளர்க்கிறார்கள், சர்ச்சுக்குப் போகிறார்கள், பனி கொட்டினால் பக்கத்து வீட்டு வாசலையும் சேர்த்துத் தள்ளிவிடுகிறார்கள்.

கூட்டம் காலை ஏழரைக்கு. முதலில் ‘ஒப்புதல் நிரல்’. சென்ற கூட்டத்தின் குறிப்பு, வரவு செலவு, முதலீட்டு அறிக்கை, தணிக்கை எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டி, ‘ஆம்’ என்று ஒரு தடவை சொல்லி முடித்துவிடுவது. நாற்பது பக்கம் நான்கு விநாடியில் நிறைவேறியது. பிறகு நிதி திரட்டும் காலா விருந்துக்கு மேசைவிரிப்பு என்ன நிறம் என்ற விவாதம் வந்தது. அதற்கு நாற்பது நிமிடம். தந்த நிறமா, ஷாம்பெய்ன் நிறமா? இரண்டும் எனக்கு ஒன்றுபோலவே தெரிந்ததால் வாய் திறக்கவில்லை. ஆழமாகச் சிந்திப்பவர் என்று பெயர் கிடைத்தது.

காலா விருந்தைப் பற்றி அம்மாவிடம் சொன்னபோது அவருக்கு ஒன்றும் புதிதாகத் தெரியவில்லை. எங்கள் பக்கம் பேராவூரணி, கீரமங்கலம், வடகாடு வட்டாரத்தில் ஆடி மாதம் பிறந்தால் மொய் விருந்து. கறிச்சோறு போடுவார்கள். சாப்பிட்டவர் எழுந்து கைகழுவிவிட்டு மொய் எழுதுவார். நோட்டில் பெயர், ஊர், தொகை ஏறும். இன்று வாங்கியவர் நாளை அவர் விருந்து வைக்கும்போது திருப்பிப் போட்டு, மேலே கொஞ்சம் புதுசாகவும் வைப்பார். வட்டி கிடையாது, வழக்கு கிடையாது. ஒருவர் திருப்பவில்லை என்றால் ஊர் பேசும். அந்தப் பேச்சுக்குப் பயந்தே நிலத்தை அடகு வைத்தாவது திருப்புவார்கள். அதில் பறிகொடுத்த குடும்பங்களும் உண்டு, புனிதம் ஒன்றும் இல்லை. ஆனால் கணக்கு நோட்டில் இருக்கும்.

“அப்ப அங்கயும் மொய் விருந்துதான் தம்பி?”

“ஆமாம்மா. கோட்டு போட்டுக்கிட்டு எழுதுவாங்க.”

“எழுதுனது யாருக்குப் போவும்?”

“ஆஸ்பத்திரிக்கு.”

“ஆஸ்பத்திரில காசு வாங்காமயா வைத்தியம் பாக்குறாங்க?”

பதில் சொல்லாமல் சிக்னல் சரியில்லை என்று போனை வைத்தேன். அறக்கட்டளை உறுப்பினனாக நான் சொன்ன முதல் பொய் அது.

விருந்து அமோகம். பிளாட்டினம் மேசை, தங்க மேசை, வெள்ளி மேசை என்று வரிசை. வெண்கலத்துக்குச் சமையலறைக் கதவோரம் இடம். மௌன ஏலம் ஒருபக்கம் நடந்தது. பிறகு எண்போட்ட மட்டையைத் தூக்கிக் காட்டித் தொகை சொல்லும் கட்டம். ஒலிபெருக்கிக்காரர் ஆயிரம் டாலர் என்றதும் மட்டைகள் எழுந்தன. எந்த மட்டை எழவில்லை என்று எல்லோரும் பார்த்தார்கள். பக்கத்து மேசைக்காரர் ரசீதை எனக்கு விளக்கினார்: டிக்கெட் விலையில் சாப்பாட்டின் சந்தை மதிப்பைக் கழித்து மிச்சத்துக்குத்தான் வரிக்கழிவு. 75 டாலருக்கு மேல் வாங்கினால் அந்த மதிப்பைத் தர்ம நிறுவனம் எழுதியே தர வேண்டும் என்று வருமானவரிச் சட்டம் சொல்கிறது. கோழித்துண்டின் மதிப்பு இவ்வளவு, கருணையின் மதிப்பு இவ்வளவு என்று பிரித்துத் தரும் நாடு இது.

கடைசியில் பத்தடி நீளத்துக்கு அட்டையில் செய்த காசோலை வந்தது. அறக்கட்டளைத் தலைவர் ஒரு முனை, ஆஸ்பத்திரித் தலைவர் மறுமுனை. அறக்கட்டளை அலுவலகம் ஆஸ்பத்திரியின் இரண்டாம் மாடியில் இருக்கிறது. அதன் ஊழியர்களுக்குச் சம்பளம் போடுவதும் ஆஸ்பத்திரி. அறக்கட்டளைக் குழுவில் ஆஸ்பத்திரித் தலைவரும் ஒருவர். இடது கை வலது கைக்குக் காசு மாற்றியதற்கு முந்நூறு பேர் எழுந்து நின்று கைதட்டினோம். என் கையும் வலித்தது. மறுநாள் காலை அந்த அட்டையைப் பின்கட்டுக் குப்பைத் தொட்டியில் பார்த்தேன். தொட்டிக்குள் அடங்காமல் பாதி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

இனி, பொதுவெளியில் எல்லோருக்கும் தெரிய வேண்டிய கணக்கு.

அமெரிக்காவின் சமூக ஆஸ்பத்திரிகளில் பாதிக்கும் மேல் ‘லாப நோக்கமற்றவை’. அதனால் வருமான வரி இல்லை. பெரும்பாலும் சொத்துவரியும் இல்லை. 1956இல் வருமானவரித் துறை ஒரு விதி வைத்திருந்தது: இந்தச் சலுகை வேண்டுமென்றால், கட்ட முடியாதவர்களுக்குத் தன்னால் முடிந்த அளவு வைத்தியம் பார்க்க வேண்டும். 1969இல் அதைத் தளர்த்தி ‘சமூகப் பயன்’ என்று ஆக்கினார்கள். சமூகப் பயன் என்றால் என்ன? அது நல்ல வார்த்தை. அதற்குள் பயிற்சி அடங்கும், ஆராய்ச்சி அடங்கும், சுகாதாரக் கண்காட்சி அடங்கும். ஏழையும் அடங்குவான், இடம் மிச்சமிருந்தால். 2020ஆம் ஆண்டில் இந்த வரிவிலக்கின் மதிப்பு சுமார் 28 பில்லியன் டாலர் என்று கே.எஃப்.எஃப். என்ற சுகாதாரக் கொள்கை ஆய்வு நிறுவனம் கணக்கிட்டது. அதே ஆண்டில் அந்த ஆஸ்பத்திரிகள் செய்த இலவச, சலுகை வைத்தியத்தின் செலவு சுமார் 16 பில்லியன். மீதி 12 பில்லியன் சமூகப் பயனாக எங்கோ மணக்கிறது.

மிஸ்ஸூரி மாநிலம் செயின்ட் ஜோசஃப் நகரின் லாப நோக்கமற்ற மோசைக் ஆஸ்பத்திரி தனக்கென்று ஒரு வசூல் கம்பெனியே வைத்திருந்தது. அந்தக் கம்பெனிக்கு மட்டும் லாப நோக்கம் உண்டு. ஏழைகள்மேல் வழக்குப் போட்டுச் சம்பளத்தைப் பிடித்துக்கொண்டிருந்தது. 2014இல் புரோபப்ளிகா என்ற செய்தி நிறுவனம் எழுதியது. செனட்டர் சக் கிராஸ்லி கடிதம் மேல் கடிதம் போட்டார். கடைசியில் 3,342 நோயாளிகளின் 1 கோடியே 69 லட்சம் டாலர் கடன் தள்ளுபடி ஆயிற்று. டென்னஸியின் மெம்ஃபிஸ் நகரில் மெதடிஸ்ட் திருச்சபையோடு இணைந்த ஆஸ்பத்திரி 2014 முதல் 2018 வரை 8,300க்கும் மேற்பட்ட வழக்குகள் போட்டது. தன்னிடமே வேலை பார்க்கும் ஊழியர்கள்மேலும் போட்டது. படுக்கை விரிப்பவளுக்குச் சம்பளம் கொடுத்த கை கோர்ட்டு வழியாக அதைத் திரும்பப் பிடுங்கியது. 2019இல் செய்தி வெளிவந்த பிறகு 6,500க்கும் மேற்பட்டவர்களின் கடனை அழித்தார்கள்.

கவனியுங்கள், இரண்டு இடத்திலும் உண்மையை வெளியே கொண்டுவந்தது பத்திரிகைக்காரர்கள். இப்படிப்பட்ட ஆஸ்பத்திரிகள் எல்லாவற்றுக்கும் மேலே ஆட்சிக்குழு உண்டு. காலையில் கூட்டம் உண்டு. ‘ஆம்’ உண்டு.

அந்தச் செய்திகளைப் படித்த இரவு, எங்கள் கவுண்டி கோர்ட்டின் இணையதளத்தைத் திறந்தேன். யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். வாதி என்ற கட்டத்தில் எங்கள் ஆஸ்பத்திரியின் பெயரை இட்டேன். பக்கம் பக்கமாக வந்தது. பிரதிவாதிகளின் பெயர்கள் அகரவரிசையில். ஆஸ்பத்திரி முகப்பில் கொடையாளர் சுவர் இருக்கிறது, பளிங்கில் பித்தளை இலைகளாகப் பெயர்கள். அவையும் அகரவரிசைதான். ஒரு பட்டியலை நாங்கள் விளக்குப் போட்டுக் காட்டுகிறோம்.

அடுத்த கூட்டத்தில் கையைத் தூக்கினேன். மேசைவிரிப்புக்கு ஒரு யோசனை என்று நினைத்து எல்லோரும் மலர்ந்தார்கள்.

“நம்ம ஆஸ்பத்திரி இந்த வருஷம் எத்தனை நோயாளிகள் மேல கேஸ் போட்டிருக்கு?”

கரண்டியால் காபியைக் கலக்கும் சத்தம் நின்றது. வக்கீல்களில் ஒருவர் கனிவாகச் சொன்னார்: அது ஆஸ்பத்திரி விஷயம், நாம் அறக்கட்டளை. காசோலையின் இரண்டு முனையையும் பிடித்தபோது அந்த வித்தியாசம் யாருக்கும் தோன்றவில்லை. வங்கிக்காரர், வசூல் என்பது ஒரு துறை, அதற்கு நிபுணர்கள் இருக்கிறார்கள் என்றார். கார் விற்பவர் மட்டும் உண்மையாகவே ஆச்சரியப்பட்டார். “நாம கேஸா போடுறோம்? யார் மேல?” ஒன்பது வருடமாக உறுப்பினர் அவர். ஈமச்சடங்கு நிலையக்காரர் என்னைப் பார்க்கவில்லை, ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குத் தெரிந்திருக்கும். பணம் கட்ட முடியாத குடும்பங்கள் அவரிடமும் வந்து நிற்கும் அல்லவா?

தலைவர் அம்மையார் முடித்துவைத்தார்: “முக்கியமான கேள்வி. இதை நிறுத்தி வைத்து, தகுந்த தளத்தில் பேசுவோம்.” கூட்டக் குறிப்பில் அது ‘உறுப்பினர்கள் நோயாளி அனுபவம் குறித்து ஆர்வத்துடன் உரையாடினர்’ என்று ஏறியது. அடுத்த கூட்டத்தில் ஒப்புதல் மூட்டையில் வந்தது. நானும் ‘ஆம்’ சொல்லியிருக்கிறேன். இதை எழுதும்போது அந்த ‘ஆம்’ தொண்டையில் நிற்கிறது.

பெயருக்காகக் கொடுப்பது தப்பு என்று சொல்ல நமக்கு யோக்கியதை இல்லை. டியூப் லைட்டில் உபயதாரர் பெயரை எழுதி வெளிச்சத்தை மறைத்த பரம்பரை நம்முடையது. ஆனால் நம் உபயதாரர் விளக்குக்குத்தான் காசு கொடுத்தார், கோயிலுக்கே தன் பெயரை வைக்கச் சொல்லவில்லை. சான் ஃபிரான்சிஸ்கோ நகரின் பொது ஆஸ்பத்திரிக்குப் புதுக் கட்டடம் கட்ட 2008இல் நகரத்து வாக்காளர்கள் 887.4 மில்லியன் டாலர் கடன்பத்திரத்துக்குச் சம்மதம் தந்தார்கள். அதைச் சொத்துவரியில் அவர்களே அடைக்கிறார்கள். 2015இல் ஃபேஸ்புக் அதிபர் மார்க் ஸக்கர்பெர்கும் அந்த ஆஸ்பத்திரியில் பயிற்சி பெற்ற டாக்டரான அவர் மனைவி பிரிசில்லா சானும் 75 மில்லியன் கொடுத்தார்கள். ஆஸ்பத்திரியின் முகப்பில் ஏறியது எந்தப் பெயர்? சான் ஃபிரான்சிஸ்கோவுக்கு முன்னால் இன்றும் ஸக்கர்பெர்க் நிற்கிறார். 2018இல் அங்குள்ள நர்சுகள் பலகையில் அந்தப் பெயர்மேல் டேப் ஒட்டி மறைத்தார்கள். 2020இல் நகர மன்றம் அந்தப் பெயர் சூட்டலைக் கண்டித்துத் தீர்மானமே போட்டது. பெயர் அசையவில்லை. வரி கட்டிய லட்சக்கணக்கானோருக்கு ஒரு பித்தளை இலை கிடையாது.

இந்த நாட்டில் தன்னார்வலர்கள் ஆஸ்பத்திரி நடத்திய கதை இப்படித் தொடங்கவில்லை. 1751இல் ஃபிலடெல்ஃபியாவில் டாக்டர் தாமஸ் பாண்டும் பெஞ்சமின் ஃபிராங்ளினும் பென்சில்வேனியா ஆஸ்பத்திரியைத் தொடங்கினார்கள். ஏழை நோயாளிகளுக்காக, இலவசமாக. ஊரார் 2,000 பவுண்டு திரட்டினால் அரசும் 2,000 பவுண்டு தர வேண்டும் என்று சட்டமன்றத்தை மடக்கியவர் ஃபிராங்ளின். திரட்ட முடியாது என்று நம்பியே உறுப்பினர்கள் சம்மதித்தார்கள், திரட்டிக் காட்டினார். அந்தத் தந்திரத்தைச் சுயசரிதையில் கொஞ்சம் பெருமையாகவே எழுதியிருக்கிறார். அந்த ஆஸ்பத்திரியின் முத்திரையில் இருப்பது பைபிள் கதையின் நல்ல சமாரியன்: வழியில் அடிபட்டுக் கிடந்தவனைச் சத்திரத்தில் சேர்த்து, சத்திரக்காரனிடம் காசு கொடுத்து, மேலே ஆனால் திரும்பும்போது தருகிறேன் என்றவன். எங்கள் ஊரில் அவன் இருந்திருந்தால் சத்திரத்துக்கு அவன் பெயரை வைத்திருப்போம், அடிபட்டவனுக்குப் பில் அனுப்பியிருப்போம், கட்டாவிட்டால் கழுதையை ஜப்தி செய்திருப்போம்.

சென்ற குளிர்காலத்தில் அம்மா வந்தார். மூன்றாம் வாரம் வாசற்படியில் பனிக்கட்டி வழுக்கி மணிக்கட்டு முறிந்தது. எங்கள் ஆஸ்பத்திரிக்கே கொண்டுபோனேன். வைத்தியத்தில் குறை சொல்ல மாட்டேன், பொறுமையாகக் கட்டுப் போட்டார்கள். அம்மாவுக்குக் கடையில் நிற்கும் கிழவியைப் பிடித்துப்போயிற்று. இருவருக்கும் பொதுவாக ஒரு பாஷையும் இல்லை, ஆனாலும் அரைமணி நேரம் பேசினார்கள். பில் பிறகு வந்தது. ஊரிலிருந்து வரும் பெற்றோருக்கு நாம் மலிவாக எடுத்துத் தரும் விசிட்டர் இன்சூரன்ஸைப் பற்றி இங்குள்ள தமிழர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஒவ்வொரு சிகிச்சைக்கும் இவ்வளவுதான் என்று முன்பே முடிச்சுப் போட்ட பாலிசி. பில் யானை, பாலிசி கொடுத்தது அங்குசத்துக்கு.

என்னால் கட்ட முடியும், கட்டினேன். ஆனால் கட்ட முடியாதவர் என்ன செய்வார் என்று பார்க்க பில்லிங் கவுண்டருக்குப் போய், உதவித்தொகை விண்ணப்பம் வேண்டும் என்று கேட்டேன். அந்தப் பெண் என் சட்டையைப் பார்த்தார். கீழ் டிராயரைத் திறந்தார், மூடினார், உள்ளே போய் யாரையோ கேட்டார். பத்து நிமிடம் கழித்து நகலின் நகலாக மங்கிய ஒரு தாளோடு வந்தார். “யாரும் கேட்க மாட்டாங்க” என்றார். கவுண்டருக்கு நேரே சுவரில் சட்டம் போட்டுத் தொங்கிக்கொண்டிருந்தது காலா விருந்தின் வண்ணப்படம். மூன்றாவது வரிசையில் நான், பல் தெரிய.

2019இல் கெய்சர் ஹெல்த் நியூஸ் என்ற செய்தி நிறுவனம் கண்டெடுத்த கணக்கு ஒன்று உண்டு. லாப நோக்கமற்ற ஆஸ்பத்திரிகள், சலுகைக்குத் தகுதி இருந்திருக்கக்கூடிய ஏழைகளுக்கே பில் அனுப்பி, வசூலாகாமல் கைவிட்ட தொகை 2.7 பில்லியன் டாலர். கண்டெடுக்க எந்தப் பூட்டையும் உடைக்கவில்லை. ஆஸ்பத்திரிகள் ஆண்டுதோறும் தாமே வருமானவரித் துறைக்குத் தரும் ஃபார்ம் 990இல், ஷெட்யூல் ஹெச் என்ற இணைப்பில் அதற்கென்றே ஒரு வரி இருக்கிறது. எங்கள் ஆஸ்பத்திரியின் ஷெட்யூல் ஹெச்சையும் அச்செடுத்துக் கூட்டத்துக்குக் கொண்டுபோனேன், ஆளுக்கு ஒரு பிரதி. கார் விற்பவர் ஒருவர்தான் மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

அந்த மாதமே என் பதவிக்காலம் இனிதே நிறைவடைந்ததாகக் கடிதம் வந்தது. அதே கெட்டித் தாள், அதே நீல மை. கூடவே கண்ணாடியில் ஒரு கேடயம்: ‘தன்னலமற்ற தலைமைக்கு’. அம்மா அதன்மேல் ஊறுகாய் ஜாடியை வைத்திருக்கிறார். எண்ணெய் தரையில் படாமல் இருக்கிறதாம். அந்த ஆட்சிக்குழுவால் எனக்குத் தெரிந்து ஏற்பட்ட சமூகப் பயன் இது ஒன்று.

இங்குள்ள தமிழர்கள் பலரை இப்போது இத்தகைய குழுக்களுக்கு அழைக்கிறார்கள். டாக்டர்கள், மென்பொருள்காரர்கள், ஓட்டல் உரிமையாளர்கள். போங்கள், போக வேண்டாம் என்று சொல்லவில்லை. போனதும் முதல் கூட்டத்திலேயே இரண்டு எண்களைக் கேளுங்கள்: எத்தனை பேர்மேல் வழக்கு, எத்தனை பேருக்குத் தள்ளுபடி. மேசைவிரிப்பு எந்த நிறமாக இருந்தாலும் பரவாயில்லை.

குழுவுக்கு அழைக்கப்படாத மற்றவர்களுக்கு ஒரு தகவல். 2010இல் வந்த சுகாதாரச் சட்டத்தின்படி லாப நோக்கமற்ற ஆஸ்பத்திரி ஒவ்வொன்றும் உதவித்தொகைக் கொள்கையை எழுத்தில் வைத்திருக்க வேண்டும், கேட்டால் காசில்லாமல் தர வேண்டும். யார் ஏழை என்ற வரம்பை அந்தச் சட்டம் வகுக்கவில்லை. அதை ஆஸ்பத்திரியே வைத்துக்கொள்கிறது, ஆகவே வாங்கிப் படித்துப் பாருங்கள். சிகிச்சை முடிந்து முதல் பில் வந்த நாளிலிருந்து 120 நாளுக்குள் கடனுக்காக வழக்குப் போடக் கூடாது. 240 நாள்வரை நீங்கள் விண்ணப்பிக்கலாம். தாள் கீழ் டிராயரில் இருக்கும்.